அழைப்பை எண்ணிய கணினியும் ஆளை மறந்த மேலாளரும்

2010 இறுதியில் ஷாங்காய் நகரின் ஒரு கால் சென்டரில், யார் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது என்பதைப் பிறந்த தேதி முடிவு செய்தது. நிறுவனத்தின் பெயர் சிட்ரிப். விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் பதிவு செய்து தருவது தொழில். வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பியவர்களில் 249 பேர் தகுதி பெற்றார்கள். ஆறு மாத அனுபவம், வீட்டில் ஒரு தனியறை, பிராட்பேண்ட் இணைப்பு ஆகியவைதாம் தகுதிகள். குலுக்கலில் இரட்டைப்படை வந்தது. இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். ஒற்றைப்படைக்காரர்கள் வழக்கம்போல அலுவலகம் வந்தார்கள்.

விளையாட்டுபோலத் தோன்றும் இந்த ஏற்பாட்டில்தான் ஆய்வின் சூட்சுமம் இருக்கிறது. விரும்பியவர்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால், பிறகு தெரியும் மாற்றத்துக்கு வீடு காரணமா, அவர்களுடைய சுபாவம் காரணமா என்று பிரிக்கவே முடியாது. பிறந்த தேதிக்கும் உழைப்புக்கும் சம்பந்தமில்லை. வேலை ஒன்று, மென்பொருள் ஒன்று, டீம் லீடர்கூட ஒருவரே. உட்காரும் இடம் மட்டும் வேறு.

ஒன்பது மாதம் கழித்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் கணக்குப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. வாரம் ஆறு நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட முக்கால் நாள் உழைப்பு உபரி. அதில் 9 சதவீதம் ஷிப்டில் கூடுதல் நிமிடங்கள் வேலை செய்ததால் வந்தது. இடைவேளையும் உடம்பு சரியில்லை என்ற விடுப்பும் குறைந்திருந்தன. மீதி 4 சதவீதம், ஒரே நிமிடத்தில் அதிக அழைப்புகளைக் கையாண்டதால் வந்தது. வேலையை விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கையோ பாதியாகக் குறைந்தது.

இப்படிப்பட்டவர்களுக்குத்தானே பதவி உயர்வு முதலில் கிடைத்திருக்க வேண்டும்? ஆனால் ஒரே அளவு வேலை செய்த இருவரை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டிருந்தது.

இது நடந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். கால் சென்டரில் ஒவ்வோர் அழைப்பையும் ஒவ்வொரு நிமிடத்தையும் கணினி எண்ணிக்கொண்டிருக்கிறது. உழைப்பை இதைவிடத் துல்லியமாக அளக்கிற அலுவலகங்கள் குறைவு. அங்கேயே இப்படி என்றால், விளம்பர வாசகம் எழுதுகிறவர், கணக்கைத் தணிக்கை செய்கிறவர் போன்றவர்களின் கதி என்ன? பதவி உயர்வு குறைந்ததற்கு, கண்ணில் படாததைத் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம். வீட்டிலிருப்பவருக்கு டீமை நடத்தும் பழக்கம் கைவராமல் போயிருக்கலாம். டீம் லீடரானால் அலுவலகம் வரவேண்டுமே என்று அவரே ஒதுங்கியிருக்கலாம். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஓர் அளவுகோல் மேலாளரின் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை உளவியல் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த அழகான சோதனை ஒன்று 1992இல் வெளியானது. ஏறத்தாழ ஒரே மாதிரித் தோற்றம் கொண்ட நான்கு பெண்களை மாணவர்கள்போல ஒரு வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஒருவர் 15 வகுப்புகளுக்கு வந்தார், ஒருவர் 10, ஒருவர் 5, இன்னொருவர் ஒரு வகுப்புக்கும் வரவில்லை. அவர்கள் யாருடனும் பேசவில்லை. பருவ இறுதியில் நால்வரின் படங்களையும் காட்டிக் கேட்டபோது, அதிக வகுப்புகளுக்கு வந்தவரே மாணவர்களுக்கு அதிகம் பிடித்தவராக இருந்தார். அடிக்கடி கண்ணில் படுவதாலேயே ஒன்று பிடித்துப்போகும் இந்தப் போக்குக்கு ‘வெறும் அறிமுக விளைவு’ என்று பெயர். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் இதை முறையாக நிறுவினார்.

அலுவலகத்தில் இது இன்னும் நுட்பமாக வேலை செய்கிறது. கிம்பர்லி எல்ஸ்பாக், டேனியல் கேபிள் ஆகியோரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, வழக்கமான நேரத்தில் இருக்கையில் காணப்படுகிறவர் ‘பொறுப்பானவர்’, ‘நம்பகமானவர்’ என்று பதிவாகிறார். மாலை தாண்டியும் விடுமுறையிலும் காணப்படுகிறவரோ ‘அர்ப்பணிப்புள்ளவர்’ ஆகிவிடுகிறார். அவர் அங்கே என்ன செய்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. கிரிக்கெட் ஸ்கோர்கூடப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இப்படியொரு தீர்ப்பைத் தன் மனம் எழுதுகிறது என்பது பெரும்பாலும் மேலாளருக்கே தெரியாது. அதனால் அவரைத் திட்டிப் பயனில்லை.

அறிவும் தூரத்தால் தேய்கிறது. எம்ஐடியின் தாமஸ் ஆலன், பொறியாளர்கள் தொழில் விஷயமாக ஒருவரோடொருவர் எவ்வளவு பேசுகிறார்கள் என்பதை 1970களில் அளந்தார். இருக்கைகள் விலக விலகப் பேச்சு மளமளவென்று சரிந்தது; 50 மீட்டர், அதாவது இரண்டு ரயில் பெட்டி நீளம் தாண்டினால் அது அபூர்வமாகிவிட்டது. இன்றைக்குத்தான் சாட் இருக்கிறதே என்று தோன்றும். நட்டாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பலேய்ஸ் மூவரும் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தார்கள். அங்கே ஒருவர் எழுதும் நிரலைச் சக ஊழியர் படித்துக் கருத்து எழுதுவார். எல்லாமே கணினி வழியாகத்தான், எங்கிருந்தும் எழுதலாம். அப்படியிருந்தும் முழு டீமும் ஒரே கட்டடத்தில் இருந்தபோது கருத்துகள் அதிகமாகவும், சில தெரு தள்ளியிருந்த இன்னொரு கட்டடத்துக்கும் டீம் சிதறியிருந்தபோது குறைவாகவும் வந்தன. 2020இல் எல்லாரும் வீட்டுக்குப் போனதும் இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. அருகில் இருப்பதால் அதிகம் பயன்பெற்றவர்கள் புதியவர்களும் பெண்களும். விலை கொடுத்தவர்கள் மூத்தவர்கள்: சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அவர்களுடைய சொந்த வேலை குறைந்தது.

அப்படியானால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் பதவி உயர்வை மறந்துவிட வேண்டியதுதானா? சுவாரசியமான திருப்பம் அதே நிறுவனத்திலிருந்தே வருகிறது. டிரிப்.காம் என்று பெயர் மாறிய பிறகு, 2021–22இல் 1,612 ஊழியர்களை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. மறுபடியும் பிறந்த தேதிதான். ஒரு பாதியினருக்குப் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி. இன்னொரு பாதியினர் ஐந்து நாளும் அலுவலகம். ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளின் மதிப்பீடுகளைப் பார்த்தால், பதவி உயர்வில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. இவர்கள் கால் சென்டர்காரர்கள் அல்லர், மென்பொருள், நிதி, மார்க்கெட்டிங் பிரிவுகளின் பட்டதாரிகள் என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் மேலாளரின் மனப்பதிவுக்கு வாரம் மூன்று நாள் முகம் போதும் போலிருக்கிறது.

இன்னொரு கோடியில் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம். தலைமை அலுவலகமே கிடையாது. ஊழியர்கள் பல நாடுகளில் தத்தம் வீடுகளில். பதவி உயர்வுக்கு அங்கே ஓர் ஆவணம் எழுதப்படுகிறது: இன்னார் இன்னது செய்தார், விளைவு இது, சான்று இதோ. இருக்கையில் தெரிகிறவர் என்று யாருமே இல்லாததால், தெரியாமல் போகிறவரும் இல்லை. பாதிப் பேர் அறைக்குள்ளும் மீதிப் பேர் திரையிலும் இருக்கும்போதுதான் தராசு சாய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஐடி அலுவலகங்களின் அப்ரைசல் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலாளர்கள் தங்கள் ஆட்களுக்காக வாதாடும் அறை அது. ஒரு பெயருக்குச் சில நிமிடங்கள்தாம்; அப்போது நினைவுக்கு வருவதைத்தான் பேச முடியும். “பில்லிங் வேலை முடிந்தது” என்று நீங்கள் அனுப்பிய செய்தி அங்கே எடுபடாது. “சிலருக்குப் பில் இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தது, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன், இந்த மாதம் அப்படி ஒரு புகாரும் இல்லை, சரிபார்க்கும் முறையை எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்து டீமும் பயன்படுத்துகிறது” என்பதை மேலாளர் அப்படியே வாசித்துவிடலாம். இதை எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் வாரா வாரம் போக வேண்டும். கூட்டத்துக்கு முந்தின நாள் அனுப்பினால், மேலாளரின் மனதில் பட்டியல் ஏற்கெனவே தயாராகியிருக்கும்.