வீட்டுக்குள் காற்று: அளப்பது எப்படி, தானாகச் சீராக்குவது எப்படி?

இரவு முழுவதும் ஏசி ஓடிய அறையில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் தலை கனக்கிறது என்று சொல்பவர்கள் பலர். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அறைக்குள் புதுக்காற்று வராததும் காரணமாக இருக்கலாம். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி, அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை. குளிர் வீணாகக் கூடாதென்று ஜன்னலுக்கு மேலிருந்த வென்டிலேட்டரையும் நாம் அடைத்துவிடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் உள்ளே இருப்பது சுமார் 34,000 லிட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இருவர் படுத்தால் 24 லிட்டர். அறை முழுக்க அடைபட்டிருந்தால் அந்த வாயுவின் அளவு மணிக்குச் சுமார் 700 பிபிஎம் ஏறும். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வெளிக்காற்றில் இருப்பது சுமார் 420 பிபிஎம்தான். கதவிடுக்கில் கொஞ்சம் கசிந்தாலும், விடியும்போது அளவு 2,000-ஐத் தாண்டுவது சாதாரணம்.

1,000 பிபிஎம்மைத் தாண்டினால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை என்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே சொன்னார். அந்த அளவில் வாயு நஞ்சாகிவிடுவதில்லை. உள்ளே இருப்பவர்களுக்குப் புதுக்காற்று எவ்வளவு கிடைக்கிறது என்பதை அது காட்டுகிறது.

எந்தக் கருவி எதை அளக்கும்?

கரியமில வாயுவுக்கு அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்டிஐஆர் வகை சென்சார் நம்பகமானது. மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை முகர்ந்து பார்த்து, கரியமில வாயு இவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக் காட்டும். ஊதுபத்தி ஏற்றினாலே அவற்றில் எண் எகிறும். வாங்குமுன் சென்சாரின் வகையைக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: என்டிஐஆர் சென்சார்களில் பல, சில நாட்களில் தாம் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் அளவாக எடுத்துக்கொண்டு தம்மைத் திருத்திக்கொள்ளும். எப்போதும் மூடியே கிடக்கும் அறையில் இந்தத் திருத்தமே தவறாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஜன்னல்களை நன்றாகத் திறந்துவைக்க வேண்டும்.

நுண்தூசியை, அதாவது பிஎம் 2.5-ஐ, லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்து அளக்கிறார்கள். 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். இந்தியத் தர அளவு 60. மிளகாய் வறுக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் எண் எங்கே போகிறதென்று பாருங்கள். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. சீனா, மலேசியாவில் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வு அது.

தானாக இயங்க வைப்பது

கருவி காட்டும் எண்ணைப் பார்த்து யாராவது எழுந்து ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால், தூங்கும் நேரத்தில் அது நடக்காது. அங்கேதான் தானியங்கிக் கட்டுப்பாடு உதவுகிறது. சென்சார், ஒரு ஸ்மார்ட் பிளக், ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போதும். இவற்றை இணைக்க, 2013-ல் தொடங்கப்பட்ட ஹோம் அசிஸ்டென்ட் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. 1,000 பிபிஎம்மில் ஃபேன் ஓடட்டும், 800-க்கு இறங்கியதும் நிற்கட்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் ஃபேன் நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நின்று சீக்கிரம் பழுதாகும். இருவர் தூங்கும் அறையில் அளவு 1,000-ஐத் தாண்டாமலிருக்க மணிக்கு சுமார் 40 கன மீட்டர் காற்று போதும். சிறிய ஃபேனே இதைவிட அதிகம் தரும். காற்று உள்ளே வரவும் ஓர் இடுக்கு வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஃபேனைப் போடுமுன் வெளிக்காற்றையும் பார்க்க வேண்டும். போகிப் பண்டிகை அதிகாலையில் சென்னையின் புகையை உள்ளே இழுத்தால் நன்மையைவிடத் தீமையே மிகும். ஆலந்தூர், வேளச்சேரி, மணலி நிலையங்களின் அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடுகிறது. வெளியே புகை மிகுந்த நேரத்தில் ஃபேனுக்குப் பதிலாக ஏர் பியூரிஃபையர் ஓடலாம். அது தூசியைப் பிடிக்கும், கரியமில வாயுவைக் குறைக்காது.

வெளிக்காற்றோடு ஈரமும் உள்ளே வரும். ஈரப்பதத்தில் பலர் ஏமாறுவது சதவீதக் கணக்கில். 32 டிகிரி வெயிலில் 75 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 25 கிராம் நீராவி இருக்கிறது. ஏசி அறையில் 26 டிகிரியில் 60 சதவீதம் என்றால் 15 கிராம்தான். வெளியே எத்தனை கிராம், உள்ளே எத்தனை கிராம் என்று ஒப்பிட்டு முடிவெடுக்கும்படி விதி எழுத வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சையை விரட்டப் போட்ட ஃபேனே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். குளியலறை கேஸ் கீசரிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் வாயு. கரியமில வாயு மீட்டர் அதைக் காட்டாது. அதற்கென்றே பேட்டரியில் ஓடும் தனி அலாரம் வேண்டும். அதை எந்த ஸ்மார்ட் இணைப்பையும் நம்பி விடக் கூடாது.

கடைக்குப் போய் விலையுயர்ந்த பியூரிஃபையரை வாங்குமுன், நல்ல மீட்டர் ஒன்றைப் படுக்கையறையில் ஒரு வாரம் வையுங்கள். கொசுவத்தியை நிறுத்தி, கொசுவலை கட்டுங்கள். சமைக்கும்போது சிம்னியைப் போடுங்கள். அதற்குப் பிறகும் எண் இறங்காத இடத்துக்கு மட்டும் தானியங்கி ஃபேன் வாங்கினால் போதும்.