ஊருக்கே பத்திரிகை போடும் பல்கலைக்கழகம்

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில், நகராட்சிக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் மாணவர்கள் எழுதிய செய்தியைப் படிக்கலாம். ‘கொலம்பியா மிசூரியன்’ கல்லூரி மலர் அல்ல, ஊர்ப் பத்திரிகை. நிருபர்கள் மாணவர்கள், எடிட்டர்கள் அவர்களுடைய ஆசிரியர்கள்.

மிசூரி பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம். அதன் இதழியல் பள்ளி 1908 செப்டம்பர் 14 அன்று தொடங்கியது. பத்திரிகையும் அன்றே வெளிவந்தது. பள்ளியை நிறுவிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் படியே ஏறாதவர். அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து எடிட்டராக உயர்ந்தவர், பிற்பாடு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். நம்மூரில் இன்று அவருக்கு உதவிப் பேராசிரியர் வேலைகூடக் கிடைக்காது. 1953-ல் பல்கலைக்கழகம் சொந்தமாக டிவி நிலையமும் தொடங்கியது. அங்கேயும் மாணவர்கள் செய்தி சேகரிக்கிறார்கள்.

மிசூரியனில் ஒரு வழக்கம் உண்டு. செய்தி வெளியாகுமுன் நிருபர், பேசியவருக்கு மறுபடி போன் போட்டு, பெயர், பதவி, தேதி, அவர் சொன்னது எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். அனுபவசாலிப் பத்திரிகையாளர்கள் பலருக்கு இது பிடிக்காது. கவுன்சிலர் தன் பேச்சையே மாற்றச் சொன்னால்? அந்த ஆபத்து நிஜம்தான். ஆனால் தகவல் பிழையைத் திருத்துவது வேறு, சொன்னதை விழுங்கப் பார்ப்பவருக்கு வளைந்து கொடுப்பது வேறு. எதிர்முனையில் குரல் உயரும்போது இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றப் பழகுவதற்கு எந்தப் பாடப்புத்தகமும் உதவாது என்பது என் எண்ணம்.

2015 நவம்பர் 9 அன்று பாடம் வளாகத்துக்குள்ளேயே வந்தது. இனவெறிக்கு எதிரான கறுப்பின மாணவர்களின் போராட்டத்தால் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். புல்வெளியில் கூடாரம் போட்டிருந்தவர்கள் கைகோத்து நின்று கேமராக்களைத் தடுத்தார்கள். நெட்டித் தள்ளப்பட்ட புகைப்படக்காரர் ஒருவர், ஈஎஸ்பிஎன்னுக்காகப் படமெடுக்க வந்த அதே பல்கலைக்கழக மாணவர். இங்கே நிற்க உங்களுக்கு உரிமை தரும் அதே அரசியல் சட்டத் திருத்தம்தான் எனக்கும் தருகிறது என்று அவர் நிதானமாக வாதாடியது வீடியோவில் பதிவானது. இன்னொரு மாணவரை விரட்ட ஆள் கூப்பிட்டவர் தகவல்தொடர்புத் துறைப் பேராசிரியை. அவருக்குப் பின்னர் வேலையே போயிற்று.

ஊடகங்கள் மேல் போராட்டக்காரர்களுக்கு இருந்த அவநம்பிக்கைக்கும் காரணம் இல்லாமலில்லை. ஆனாலும் மறுநாளே அவர்கள் துண்டறிக்கை விநியோகித்தார்கள்: நிருபர்களுக்கும் இங்கே உரிமை உண்டு, வரவேற்றுப் பேசுங்கள் என்று.