கத்தியும் கல்லும்

என் தந்தையார் விட்டுச்சென்ற பொருள்களுள் ஒரு சவரக்கத்தியும் ஒரு தீட்டுகல்லும் உள. கத்தி, ஜேர்மனியின் சோலிங்கன் நகரிற் செய்யப்பட்டது. விடுமுறையொன்றில் அதனைத் தீட்டிச் சவரஞ் செய்ய முனைந்தேன். மயிர் அறுபடவில்லை, கன்னமே அறுபட்டது. ஒரு மாதம் முயன்றபின், ‘இரும்பு கெட்டுவிட்டது’ என்று தீர்ப்புக் கூறிப் பெட்டியுள் வைத்தேன்.

எங்கள் ஊரிலே நெடுங்காலம் முடிதிருத்தி ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் கத்தியைக் கேட்கவில்லை. “கல்லைக் கொண்டு வாங்கோ, ஐயா” என்றார். அடிமட்டத்தைக் கல்லின்மேல் நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவே ஒளிக்கீற்றுத் தோன்றிற்று. “கத்தியிலை பிழையில்லை, கல்லிலைதான் குழி.”

தீட்டத் தீட்டக் கல்லின் நடுப்பகுதியே மிகத் தேயும். குழிந்த கல்லிலே கத்தி விளிம்புகளில் தங்கிவிட, அதன் வாய் படவேண்டிய இடத்திற் படாது. ஆதலின் முதலிற் செம்மை பெறவேண்டியது கல்லேயாம். பென்சிலாற் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறி, நீர்விட்டுத் தேய்த்தோம். ஓரக்கோடுகள் அழிந்தன, நடுக்கோடுகள் எஞ்சின. எஞ்சிய இடமே குழி.

இரு கற்களை மட்டும் உரைத்தால், ஒன்று குழிந்து மற்றது குவிந்து, தம்முள் நன்கு பொருந்திப் பொய்யுரைக்கக்கூடும். மூன்றாவது கல்லை மாற்றி மாற்றிச் சேர்த்தால் அப்பொய் வெளிப்படும். உலோகத் தட்டுகளில் இம்மூன்று தள நெறி, 1840இல் கிளாஸ்கோவிற் சமதளங்களைப் பற்றிக் கட்டுரை படித்த ஜோசப் விட்வேர்த் என்னும் பொறியியலாளரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும்.

பின்னரே கத்தி. முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படியவேண்டும். முதுகின் தடிப்பே கோணத்தை வரையறுக்கும். அழுத்தலாகாது. திருப்புங்கால் முதுகின்மேலேயே புரட்டல் வேண்டும். கல்லில் வாய் முன்செல்லும். தோல்வாரில் முதுகு முன்செல்லும். மாறினால் வாரும் அறுபடும், வாயும் மழுங்கும். இவற்றைக் கை அறிய எனக்கு மூன்று வாரம் சென்றது. முதியவர் ஒருநாளும் ஏசினாரல்லர்.

எங்கள் பக்கத்திற் ‘பரியாரி’ என்னும் பெயர் வைத்தியருக்கும் நாவிதருக்கும் வழங்கியது. தமிழகத்திற் சில இடங்களில் நாவிதரைப் ‘பண்டிதர்’ என்பதும் உண்டு. இச்சொல்வழக்கை வகுப்பிலே பலகாலும் விளக்கிய நான், அப்பெயருக்கு உரியவர் முன் மாணாக்கனாய் இருந்தது அதுவே முதன்முறை.

அன்றிரவு ஒரு மாணவன் நினைவில் வந்தான். அசை பிரிக்க வராத அவனை ‘மந்தன்’ என்று கடைசி வாங்கில் இருத்தினேன். ஓராண்டு முழுதும் ஒரே முறையிற் கற்பித்து, ஒரே முறையில் ஏசினேன். அவன் படிப்பை விட்டான்.

இப்பொழுது மாதமொருமுறை கல்லிற் கோடு கீறிப் பார்க்கிறேன். வகுப்பில் ஒருவனுக்கு விளங்காவிடின், நான் சொல்லும் முறையை மாற்றிப் பார்க்கிறேன். கன்னமும் அறுபடுவதில்லை. அம்மாணவனை மட்டும் நான் பின்பு கண்டிலேன்.