முகப்பருவா? கிள்ளாதீர்கள்!

வயசுப் பிள்ளை கண்ணாடி முன் நின்று பருவைக் கிள்ளுகிறதா? திட்டாதீர்கள். பரு அழுக்கால் வருவதில்லை. பருவ வயதில் தோலில் எண்ணெய் அதிகம் சுரக்கும். அந்த எண்ணெயும் செத்த தோலும் துவாரத்தை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. கிள்ளினால் வடுதான் மிச்சம்.

வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டு முகம் கழுவட்டும். நாளுக்கு 2 தடவை போதும், தேய்க்க வேண்டாம். மருந்துக்கடையில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு கேளுங்கள். 6 முதல் 8 வாரம் பொறுமை வேண்டும். துணியில் பட்டால் சாயம் வெளுக்கும், கவனம்.

பசார் மாலாமில் விற்கும் பேர் ஊர் தெரியாத வெள்ளை கிரீம் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் பாதரசம் இருந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதலில் முகம் பளபளக்கும், பிறகு பரு மோசமாகும்.

கட்டியாகி வலித்தால் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே 1 வெள்ளிதானே!