301, 302, 303: எந்தக் கணக்கு?

சீனாவில் முதுநிலைப் படிப்புக்கு அக்டோபரில் இணையத்தில் விண்ணப்பம் போடும்போது, கணக்குப் பாடத்துக்கு நேராக ஒரு மூன்றிலக்க எண் வந்து நிற்கும். 301, 302, 303 என்று மூன்று தாள்கள். மாணவர்கள் வாயில் அவை ஷூ யீ, ஷூ அர், ஷூ சான். அதாவது கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று. காவ்யென் எனப்படும் இந்த நுழைவுத் தேர்வு டிசம்பர் கடைசியில் நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு 47.4 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2025இல் அது 38.8 லட்சமாக இறங்கியது. இலக்கியம், சட்டம், வரலாறு பக்கம் போகிறவர்களுக்குக் கணக்கே கிடையாது, கொடுத்து வைத்தவர்கள்.

மூன்று தாளுக்கும் 150 மதிப்பெண், மூன்று மணி நேரம், 22 கேள்வி. உள்ளே போனால்தான் வித்தியாசம் தெரியும். 301இல் நுண்கணிதம் சுமார் 60 விழுக்காடு, நேரியல் இயற்கணிதம் 20, நிகழ்தகவும் புள்ளியியலும் 20. 302இல் நிகழ்தகவே இல்லை. நுண்கணிதம் மட்டும் 80 விழுக்காடு. 303இன் பங்கீடு 301ஐப் போலவேதான். ஆனால் பரப்புத் தொகையீடு, ஃபூரியே தொடர் போன்றவற்றை எடுத்துவிட்டு, பொருளாதாரக் கணக்குகளைப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு தொட்டி நிறையத் தண்ணீர். அத்தனையையும் மேல்விளிம்பு வரை இறைத்துக் கொட்ட எவ்வளவு வேலை செய்யவேண்டும்? 301, 302 பாடத்திட்டத்தில் இந்த வகைக் கணக்கு உண்டு. தண்ணீரை மெல்லிய தட்டுகளாக வெட்டி, ஒவ்வொரு தட்டையும் எத்தனை தூரம் தூக்குகிறோம் என்று பார்த்துத் தொகையிட வேண்டும். 303 எழுதுகிறவருக்குத் தொட்டி இல்லை, கடை இருக்கிறது. விலை ஏறினால் தேவை எவ்வளவு குறையும், எந்த விலையில் வருவாய் உச்சம் தொடும் என்பது கேள்வி. தேவை நெகிழ்ச்சி சரியாக ஒன்றாகும் இடத்தைப் பிடித்தால் விடை கிடைத்துவிடும். இரண்டுமே நுண்கணிதம்தான், பழகிய கை வேறு.

எந்தத் துறைக்கு எந்தத் தாள் என்பதைப் பெரும்பாலும் விதியே சொல்லிவிடுகிறது. இயந்திரவியல், மின்னியல், கணினி என்றால் 301. ஜவுளி, உணவு, வேளாண் பொறியியல் என்றால் 302. பொருளாதாரம், மேலாண்மைக்கு 303. எம்.பி.ஏ. போகிறவருக்கு இந்த மூன்றும் வேண்டாம். பள்ளிக் கணக்கை வைத்து நடக்கும் வேறு பொதுத் தாள் இருக்கிறது. இதில் வேடிக்கை, கணிதத்தையே முதன்மைப் பாடமாக எடுக்கிறவர்களும் இவற்றை எழுதுவதில்லை. கணிதப் பகுப்பாய்வு, உயர் இயற்கணிதம் என்று அந்தந்தப் பல்கலைக்கழகமே அவர்களுக்குத் தனியாகத் தாள் போடுகிறது.

சிக்கல் நடுவில் நிற்கிற துறைகளில் வருகிறது. வேதிப் பொறியியல், பொருளறிவியல், சுற்றுச்சூழல் பொறியியல் போன்றவற்றுக்கு 301ஆ 302ஆ என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யலாம். கணினியில்கூட ஆய்வுப் பட்டத்துக்கு 301 கேட்கும் இடம், தொழில்முறைப் பட்டத்துக்கு 302 போதும் என்று சொல்வதுண்டு. எந்தத் துறைக்கு எந்தத் தாள் என்று சொல்லும் அந்த ஆண்டுக்கான பட்டியல் செப்டம்பர் வாக்கில்தான் கைக்கு வரும். மாணவர்களோ மார்ச்சிலேயே தோங்ஜி பல்கலைக்கழகத்தின் உயர்கணிதப் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். போதாததற்கு, ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு துறைக்குத்தான் விண்ணப்பிக்க முடியும்.

302 லேசு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. பாடம் குறைவு, சரி. ஆனால் 120 மதிப்பெண்ணுக்கு நுண்கணிதத்தையே தோண்டவேண்டியிருப்பதால் கேள்வி ஆழமாகப் போகும்; கூட எழுதுகிறவர்களும் அதையே கரைத்துக் குடித்துவிட்டு வருவார்கள். இயந்திரக் கற்றல் படிக்க நினைப்பவர் 302 வழியே உள்ளே வந்தால், தள்ளிவைத்த நிகழ்தகவை வகுப்பில் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்கவேண்டும்.

துறை முடிவாகாதவர்கள் 301க்கே படிக்கத் தொடங்குவது நல்லது. 302இன் பாடம் கிட்டத்தட்ட முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். செப்டம்பரில் மனம் மாறினால் இறங்கிக்கொள்ளலாம். 302க்குப் படித்தவர் அப்போது 301க்கு ஏற நினைத்தால் நிகழ்தகவு, முடிவிலாத் தொடர்கள், கோட்டுத் தொகையீடு எல்லாவற்றையும் மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும். நவம்பரில் விண்ணப்பத்தை உறுதிசெய்த பிறகு அந்த எண்ணை மாற்ற வழியில்லை.