கையெழுத்து போடுபவர் ஊரில் இல்லையென்றால்...

நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று, மைசூர் அக்ரஹாரத்தில் வசித்து வருகிறேன். தண்டவாளத்தைப் பற்றி எழுத வேண்டியவன் இம்முறை கம்ப்யூட்டரைப் பற்றி எழுதக் காரணம், எங்கள் தெருவில் நடந்த ஒரு சம்பவம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அடுத்த வீட்டுப் பையன் ஒருநாள் வாடிய முகத்துடன் வந்தான். தந்தையின் இருதய அறுவை சிகிச்சைக்காக அலுவலகத்தில் சம்பள முன்பணம் கேட்டிருந்தான். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் மூலம்தான். மேலாளர் உடனே ஒப்புதல் அளித்துவிட்டார். அடுத்த கட்டத்தில் பன்னிரண்டு நாளாக 'பெண்டிங்' என்றே காட்டியது. "மாமா, தினமும் கேட்கிறேன். 'பிராசஸில் இருக்கிறது' என்கிறார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன்" என்றான்.

"எப்போது கிடைக்கும் என்று கேட்காதே தம்பி. இப்போது யார் பெயரில் நிற்கிறது என்று கேள்" என்றேன்.

கேட்டான். அந்த அதிகாரி இரண்டு வாரத்துக்கு முன்பே வேறு கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தார்! விண்ணப்பம் அவர் பெயரிலேயே படுத்திருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே பூசாரி கோயிலைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார். மென்பொருளைக் கவனிப்பவர் அதை வேறொரு அதிகாரிக்கு மாற்ற ஆன நேரம் இரண்டே நிமிடம். புதன்கிழமை பணம் வந்தது.

இதில் நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. விடுப்பில் போகும்போது "என் வேலையை இன்னார் பார்ப்பார்" என்று மென்பொருளில் பதிவு செய்யலாம். இதை 'டெலிகேஷன்' என்பார்கள். ஆனால் பல மென்பொருள்களில் அது இனிமேல் வரும் விண்ணப்பங்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே வந்து காத்திருப்பவை தானாக நகராது. அவற்றை ஒவ்வொன்றாக, அல்லது மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'ரீஅசைன்' என்ற வசதி மூலம் மற்றவர் பெயருக்கு மாற்ற வேண்டும். ஒப்புதல் தருபவரே இதைச் செய்யலாம். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால், மென்பொருள் நிர்வாகிதான் செய்ய முடியும்.

ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை இருந்த காலத்தில், டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அந்த ஓட்டுநர்தான் அடுத்த நிலையம் வரை போகலாம். கருவி பழுதானால் ரயிலை நிறுத்தியே வைத்துவிடுவதில்லை. விதிப்படி எழுத்து மூலம் அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். வழியும் உண்டு, அதற்குப் பதிவும் உண்டு.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மைசூர் கோட்டம் 2003 மார்ச் வரை சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயில் இருந்தது. ஏப்ரல் 1 முதல் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வே வந்தது. என் மேசையில் நிலுவையிலிருந்த தாள்களை நான் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் இனி யாருக்குப் போகவேண்டும் என்று எதிரே குறித்தேன். நான் ஓய்வு பெறும் தறுவாயில், 2019-இல் ரயில்வேக்கு இ-ஆபீஸ் வரத் தொடங்கியது. காகிதம் போய்த் திரை வந்தது. பட்டியலிடும் வேலை மட்டும் போகவில்லை.

மாற்றிக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. பெறுபவருக்கு அந்தத் தொகையை அனுமதிக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். இல்லையேல் அவரிடமும் நின்றுவிடும்.

2. ஒருவருடைய சொந்த விண்ணப்பம் ஒப்புதலுக்காக அவரிடமே போய்ச் சேரக்கூடாது.

3. காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். "மாற்றல் காரணமாக" என்றால் போதும். பின்னால் தணிக்கைக்கு உதவும்.

4. பெறுபவருக்குத் தொலைபேசியிலும் சொல்லுங்கள். திடீரென்று முளைத்த விண்ணப்பத்தைக் கண்டு அவர் தயங்கலாம்.

5. எக்காரணம் கொண்டும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். "நீயே என் பெயரில் ஒப்புதல் கொடுத்துவிடு" என்பது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். முறையாக மாற்றினால் பொறுப்பும் மாறும். பாஸ்வேர்டைக் கொடுத்தால் செய்பவர் அவர், பதில் சொல்பவர் நீங்கள்.

விண்ணப்பிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாமதமானால் மறுபடி மறுபடி புதிய விண்ணப்பம் போடாதீர்கள், குழப்பமே மிஞ்சும். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில், யார் பெயரில் என்று கேளுங்கள். என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் 2020-இல் வந்த இ-பாஸ் முறையிலும் இதையே கேட்கலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும்போது கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறோம், பால்காரரிடம் சொல்கிறோம், செடிக்குத் தண்ணீர் ஊற்ற அடுத்த வீட்டில் சாவி கொடுக்கிறோம். அத்துடன் அலுவலகத்தில் நம் ஒப்புதலுக்காகக் காத்திருப்பவை எத்தனை என்றும் ஒருமுறை பார்த்துவிடுவோம். அதில் ஒன்று யாரோ ஒருவர் தந்தையின் ஆபரேஷனாக இருக்கலாம்.