டீசல் சேர்மானங்களும் புத்தளக் கரையோர மீனவரும்

கற்பிட்டி, உடப்பு, சிலாபம் எனத் தொடரும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் மீனவரின் வருவாயை மீனின் விலை மட்டுமன்றி எரிபொருளின் விலையும் நிர்ணயிக்கின்றது. 2022 ஜனவரியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், அவ்வாண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாவாக உயர்ந்தது. இத்தகைய நெருக்கடியில், எரிபொருளைப் பெருமளவு மீதப்படுத்துவதாகக் கூறும் சேர்மானங்கள் கவர்ச்சி பெறுதல் இயல்பே. அவற்றால் ஆவது யாது, ஆகாதது யாது என்பதை நாம் பகுத்தறிதல் வேண்டும்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. அமுக்கத்தால் சூடேறிய காற்றினுள் தெளிக்கப்படும் எரிபொருள் தானே தீப்பற்றுகின்றது. அது எவ்வளவு விரைவில் பற்றும் என்பதைக் குறிப்பதே சீட்டேன் எண். எதில்ஹெக்சைல் நைத்திரேற்று என்னும் சேர்மானத்தை ஆயிரத்தில் ஒரு பங்களவில் கலப்பின், இவ்வெண் சில அலகுகள் உயரும். குளிர்ந்த இயந்திரம் எளிதில் இயங்கும். வெண்புகையும் இரைச்சலும் குறையும். வேறு சில சேர்மானங்கள் நொசல் எனப்படும் தெளிப்பு முனையிற் படியும் கரியைக் கழுவுகின்றன. கந்தகம் நீக்கப்பட்ட டீசலில் குறையும் மசகுத் தன்மையை ஈடுசெய்வனவும், எரிபொருளிலிருந்து நீரைப் பிரிப்பனவும் உள.

ஆயினும் ஓர் அடிப்படை உண்மையை நாம் மறத்தலாகாது. நன்னிலையிலுள்ள டீசல் இயந்திரத்தில் எரிபொருளின் 98 வீதத்துக்கும் மேற்பட்ட பகுதி எரிந்தே விடுகின்றது. பேரிழப்பு நிகழ்வது, எரிந்தபின் தோன்றும் வெப்பம் புகையோடும் குளிர்நீரோடும் வெளியேறுவதாலாகும். எனவே எரிதலைச் செம்மைப்படுத்தும் எப்பொருளும் அத்தகைய இயந்திரத்தில் இருபது வீதச் சேமிப்பைத் தரமுடியாது. அழுக்கடைந்த இயந்திரத்தில் இழந்த திறனின் ஒரு பகுதியை மீட்டுத் தருதலே கழுவும் சேர்மானத்தின் பணி.

கரும்புகைக்குக் காரணம் பெரும்பாலும் அடைபட்ட காற்று வடிகட்டி, பழுதுற்ற நொசல், மிகைச் சுமை, பொருந்தாத சுழலி என்பனவாகும். கடற்காற்றின் ஈரம் தாங்கியினுள் நீராகத் தேங்கின், அவ்வெல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வடிகட்டியை அடைக்கின்றன. நீரை ஒழுங்காக வடித்தகற்றுதலும் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுதலும் எந்தச் சேர்மானத்துக்கும் முந்திய கடமைகளாம்.

இது பணச் சிக்கனம் பற்றிய வினா மட்டுமன்று. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென 2012இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. படகின் இயந்திர அறையருகே இரவு முழுவதும் உழைப்போர் அப்புகையையே சுவாசிக்கின்றனர். விளம்பரத்தின் சொல்லை நம்பிப் பணம் செலவிடும் நிலையில் அவர்களை விட்டுவைத்தல் அறிவுலகுக்குத் தகாது. சந்தைக்கு வரும் சேர்மானங்களை நமது பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் மீன்பிடிப் படகின் இயந்திரத்திலேயே சோதித்து, முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் கரையோரத்துக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். அதுவரை, அளந்து நிறுவப்படாத சேமிப்பை மீனவர் விலைகொடுத்து வாங்காதிருத்தலே நன்று.